மோட்டரை நிறுத்தியதும் அழுக்கு ஏன் தடாகத்துக்கே திரும்புகிறது?

தம்பிக்கு வணக்கம். நீங்கள் எழுதியதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், இதே தொல்லை உள்ள வேறு யார் படித்தாலும் விடயம் விளங்க வேண்டும்.

பண்டாரவளைப் பக்கம் சரிவான காணியில் வீடு. கீழ்த்தட்டில் எட்டு மீற்றர் நீளம், நான்கு மீற்றர் அகலத்தில் நீச்சல் தடாகம். மோட்டரும் மணல் வடிகட்டியும் சமையலறைக்குப் பின்னால் உள்ள சிறிய அறையில், தடாகத்தின் நீர்மட்டத்தை விட இரண்டரை மீற்றர் மேலே. மோட்டரை நிறுத்திய சில நிமிடங்களில் ஸ்கிம்மர் (நீர்ப்பரப்பில் மிதக்கும் குப்பையை இழுக்கும் சுவர் வாய்) வழியாகத் தண்ணீர் பின்னோக்கி வருகிறது, கூடவே கரிய தூளும் இலைத் துணுக்குகளும் தடாகத்துக்குள் வந்துவிடுகின்றன. மறுநாள் காலை மோட்டர் தண்ணீரைப் பிடிப்பதில்லை, வாளியால் ஊற்ற வேண்டியிருக்கிறது. மோட்டர் ஓடும்போதெல்லாம் கழிவுக் குழாயின் முனையில் நீர் ஒழுகுகிறது. தடாகத்து நீர் நாளொன்றுக்கு ஒரு விரல் அகலம் இறங்குகிறது. வந்து பார்த்த குழாய் பாஸ் ஒருவழி வால்வு போடச் சொன்னார், இன்னொருவர் மோட்டர் பழுதாகிவிட்டது, புதிது வாங்குங்கள் என்றார்.

இப்போதைக்கு இரண்டையும் வாங்க வேண்டாம். நீங்கள் சொன்ன நான்கு தொல்லைகளுக்கும் வேர் ஒன்றுதான் என்பது என் கணிப்பு. மோட்டரின் விலையோடு பார்த்தால் அது மிகச் சொற்ப விலைக்குக் கிடைக்கும் ஒரு றப்பர்த் துண்டு. அந்த முடிவுக்கு எப்படி வந்தேன் என்பதைச் சொன்னால், நீங்களே ஒரு மாலை நேரத்தில் சோதித்துப் பார்த்துக்கொள்ளலாம்.

கொழும்பில் இந்தத் தொல்லையை அதிகம் காண முடியாது. அங்கே தடாகமும் மோட்டர் அறையும் பெரும்பாலும் ஒரே மட்டத்தில் இருக்கும். மலையகத்தில் சமதரை கிடைப்பதே அரிது. தட்டு வெட்டித் தடாகம் கட்டுகிறோம், மோட்டரை மின்சாரம் எட்டும் இடத்தில், மேலேயோ கீழேயோ வைத்துவிடுகிறோம். அந்த உயர வித்தியாசம்தான் இங்கே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. ஒரு மீற்றர் உயர நீர் ஏறத்தாழ 0.1 பார், அதாவது 1.4 பிஎஸ்ஐ அழுத்தம் தரும். உங்கள் வடிகட்டியின் தலையில் இருக்கும் வால்வு தடாக நீரை விட மூன்று மீற்றராவது மேலே இருக்கும். மோட்டர் ஓடும்போது அதற்குள் இருப்பது தள்ளும் அழுத்தம். மோட்டர் நின்றதும் அதே இடத்தில் உறிஞ்சும் இழுவை உண்டாகிறது, ஏறத்தாழ 0.3 பார் அளவுக்கு.

இந்த இடத்தைக் கொஞ்சம் நின்று கவனியுங்கள். உறிஞ்சும் குழாயின் வாயும் திரும்பும் குழாயின் வாயும் தடாக நீருக்குள் மூழ்கி இருக்கின்றன. இடையிலுள்ள குழாய், மோட்டர், வடிகட்டி முழுவதும் காற்றுப் புகாமல் இறுக்கமாக இருந்தால், மோட்டர் நின்ற பிறகும் தண்ணீர் எந்தப் பக்கமும் இறங்காது. இரண்டு பக்கமும் ஒரே நீர்மட்டம், இறங்குகிற நீரின் இடத்தை நிரப்பக் காற்று இல்லை, ஆகவே நீர் மேலேயே தொங்கி நிற்கும். மேட்டில் வைத்த வடிகட்டியிலிருந்து நீர் பின்வாங்குகிறது என்றால், எங்கோ காற்று உள்ளே நுழைகிறது என்றுதான் அர்த்தம். நாம் தேட வேண்டியது அந்தக் காற்றின் வழியை.

காற்று புகுந்ததும் நடப்பது இதுதான். வடிகட்டிக்குள் அழுக்கு நீர் மேலிருந்து மணலுக்குள் இறங்கி, அடியிலுள்ள வரிக்குழாய்கள் (மணல் புகாத நுண்ணிய கீறல்கள் உள்ள குழாய்கள்) வழியாகத் தூய்மையாகி வெளியேறுகிறது. எனவே மணலின் மேற்பரப்பில்தான் அழுக்கெல்லாம் தங்கியிருக்கும். நீர் பின்வாங்கும்போது மணலுக்கு மேலே நிற்கும் அந்த அழுக்கு நீர் மோட்டருக்குள் இறங்கி, அங்கேயுள்ள கூடையில் சிக்கிய இலைகளையும் தள்ளிக்கொண்டு ஸ்கிம்மர் வழியே தடாகத்தில் விழுகிறது. நீங்கள் பார்க்கும் கரிய தூள் அதுதான். உங்கள் வீட்டைச் சுற்றிச் சவுக்கு மரமும் பைனஸ் மரமும் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். பைனஸ் ஊசி இலைகள் கூடையின் கண்ணிகளில் குத்தி நிற்கும், நீர் திரும்பும்போது கொத்தாக வந்துவிடும். கூடைப் பாத்திரம் இப்படிக் காலியாகிவிடுவதால்தான் காலையில் மோட்டர் வெறும் காற்றைச் சுழற்றுகிறது. அதில் மோட்டர் மீது பழி இல்லை.

இதில் மலைக்கு உரிய இன்னொரு காரணமும் சேர்கிறது. கடல் மட்டத்தில் காற்றழுத்தத்தால் ஏற்றக்கூடிய நீரின் உச்ச உயரம் 10.3 மீற்றர். பண்டாரவளை போன்ற 1,200 மீற்றர் உயரத்தில் அது ஏறத்தாழ 9 மீற்றர்தான், 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் 8.2 மீற்றர் அளவுக்கு இறங்கிவிடுகிறது. இது ஏட்டுக் கணக்கு. தடாக மோட்டர்கள் நடைமுறையில் இதில் ஒரு பகுதியைத்தான் எட்டும். இரண்டரை மீற்றர் மேட்டுக்கு இழுக்கும் உங்கள் மோட்டருக்கு, கொழும்பில் உள்ள அதே மோட்டரை விடக் கையிருப்பு குறைவு. கீழே பெரிதாகத் தெரியாத ஒரு சிறு காற்றுக் கசிவு மேலே மோட்டரை முழுக்க முடக்கிவிடும்.

இனி அந்த றப்பர்த் துண்டு. வடிகட்டியின் தலையில் கைப்பிடியோடு இருக்கும் மல்டிபோர்ட் வால்வில் ஃபில்டர் (வடிகட்டுவது), பேக்வொஷ் (நீரைத் திருப்பி ஓட்டி மணலைக் கழுவுவது), ரின்ஸ் (அதன் பின் அலசுவது), வேஸ்ட் (வடிகட்டாமல் வெளியேற்றுவது) முதலான ஆறு நிலைகள் உண்டு. அந்த அறைகளை ஒன்றிலிருந்து ஒன்று பிரிப்பது உள்ளே ஆரக்கால்களோடு வட்டமாக இருக்கும் ஒரு றப்பர், ஸ்பைடர் கேஸ்கட். அது தேய்ந்தாலோ, கிழிந்தாலோ, அதன் மேல் ஒரு மணல் துணுக்கு அமர்ந்தாலோ, ஃபில்டர் நிலையிலும் கழிவுப் பக்கத்துக்கு வழி திறந்திருக்கும். மோட்டர் ஓடும்போது அந்த வழியால் நீர் வெளியே ஒழுகும். மோட்டர் நின்றதும் அதே வழியால் காற்று உள்ளே இழுபடும், ஏனென்றால் கழிவுக் குழாயின் மறுமுனை திறந்த வெளியில்தான் இருக்கிறது.

நீர்மட்டம் இறங்கும் கணக்கும் இதோடு பொருந்துகிறது. நாளுக்கு ஆறு மணிநேரம் மோட்டர் ஓடுகிறது என்று எழுதியிருந்தீர்கள். நிமிடத்துக்கு ஒரு லீற்றர் ஒழுகினால் 360 லீற்றர். 32 சதுர மீற்றர் பரப்புள்ள தடாகத்தில் அது 11 மில்லிமீற்றர், உங்கள் விரல் அகலம். பண்டாரவளைக் குளிரில் ஆவியாகிப் போவது இதில் சிறு பங்குதான். கழிவுக் குழாயின் கீழே ஒரு லீற்றர் போத்தலைப் பிடித்து, நிரம்ப எத்தனை விநாடி என்று கைத்தொலைபேசியில் பாருங்கள். ஏறத்தாழ ஒரு நிமிடத்தில் நிரம்பினால் தடாகச் சுவரில் வெடிப்பு இருக்குமோ என்ற உங்கள் பயத்தை விட்டுவிடலாம்.

அடுத்தது காற்றுச் சோதனை. தடாகத்தில் யாரும், குறிப்பாகப் பிள்ளைகள், இல்லாத நேரத்தில் செய்யுங்கள். மோட்டரை அரை மணிநேரம் ஓடவிட்டு நிறுத்துங்கள். உடனே ஒரு மெல்லிய பொலித்தீன் பையைக் காற்றோடு உப்பலாகப் பிடித்து, கழிவுக் குழாயின் முனையில் றப்பர் வளையத்தால் இறுகக் கட்டுங்கள். ஸ்பைடர் கேஸ்கட் பழுதென்றால் பை மெல்லச் சுருங்கும், பிறகு குழாயின் வாயோடு ஒட்டிக்கொண்டு உள்ளே குழிந்துபோகும். அந்த நேரத்தில் மோட்டர் கூடையின் கண்ணாடி மூடி வழியாக டோர்ச் அடித்துப் பார்த்தால், பை ஒட்டிக்கொண்டதும் நீர் இறங்குவது நின்றிருக்கும். பையைக் கழற்றினால் மறுபடி இறங்கத் தொடங்கும். இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை. பார்த்து முடித்ததும் பையை மறக்காமல் எடுத்துவிடுங்கள்.

பை சுருங்காமல் இருந்தும் கூடையில் நீர் இறங்கினால் காற்று வேறு வழியாகப் புகுகிறது. அதைக் கண்டுபிடிக்கச் சவர்க்கார நுரை போதும். மோட்டர் மூடியின் வளையம், மூடிக்குக் கீழே உள்ள வடிகால் திருகு, உறிஞ்சும் குழாயின் யூனியன் (கழற்றி மாட்டக்கூடிய இணைப்பு), அழுத்தமானியின் புரி, வடிகட்டி மேலுள்ள காற்று நீக்கும் குமிழ் ஆகியவற்றில் கெட்டியாக நுரை தடவுங்கள். மோட்டருக்கு முன்னால் உள்ள பகுதிகளில் மோட்டர் ஓடும்போதே நுரை உள்ளே இழுபடும். மோட்டருக்குப் பின்னால் உள்ளவற்றில், ஓடும்போது நுரை ஊதிப் பொங்கும், நின்றதும் உள்ளே இழுபடும். பெரும்பாலும் குற்றவாளி மூடியின் வளையமாகத்தான் இருக்கும். அதைக் கழுவி, பள்ளத்தைத் துணியால் துடைத்து, சிலிக்கோன் கிரீஸ் மெல்லியதாகத் தடவிப் போடுங்கள். வஸ்லின் தடவும் பழக்கம் இங்கே நிறைய உண்டு. பெற்றோலிய எண்ணெய் பட்டால் பல வகை றப்பர்கள் ஊதிப்போய்விடும், ஆகவே வேண்டாம்.

ஸ்பைடர் கேஸ்கட் மாற்றுவதை நீங்களே செய்யலாம். முதலில் சுவிட்சை மட்டும் அணைத்துவிட்டு நிற்காதீர்கள், பிரேக்கரையே இறக்குங்கள். நேரக்கருவி பொருத்திய மோட்டர் நீங்கள் வால்வைத் திறந்து வைத்திருக்கும்போது தானாகக் கிளம்பும். மின்வெட்டு முடிந்து கரண்ட் வரும்போதும் இதுவே நடக்கும். உறிஞ்சும் குழாய், திரும்பும் குழாய் இரண்டின் வால்வுகளையும் மூடுங்கள். மல்டிபோர்ட் வால்வின் மூடிக்கும் உடலுக்கும் குறுக்கே மார்க்கர் பேனாவால் ஒரு கோடு இழுங்கள். மூடியை ஒரு துளை தள்ளி மாட்டினால் கைப்பிடி ஃபில்டரைக் காட்டும்போது உள்ளே வேறு நிலை இருக்கும். திருகாணிகளைக் கழற்றி மூடியைக் கைப்பிடியோடு நேராகத் தூக்குங்கள். பழைய றப்பரை எடுக்கும் முன் அது எந்த முகம் மேலே இருக்கப் படுத்திருக்கிறது என்று ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள், புதியதும் அப்படியே இருக்க வேண்டும். சில வால்வுகளில் அதைப் பசை போட்டு ஒட்டியிருப்பார்கள். பசையின் மிச்சத்தையும் பள்ளத்தில் உள்ள ஒவ்வொரு மணலையும் மரக்குச்சியாலும் பழைய பல்துலக்கியாலும் எடுங்கள், இரும்பால் சுரண்டினால் பிளாஸ்டிக்கில் கீறல் விழுந்து புதிய றப்பரும் கசியும். ஆரக்கால்கள் முழுவதும் பள்ளத்தில் அமர்ந்த பிறகு மூடியை வைத்து, திருகாணிகளை எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள்.

மூடியைக் கழற்றியிருக்கும்போதே கைப்பிடிக்குக் கீழுள்ள சுருள்வில்லையும் பாருங்கள். அதுதான் சுழலும் தட்டை றப்பரின் மீது அழுத்தி வைத்திருக்கிறது. நம் மலைமூட்டத்தின் ஈரத்தில் அது துருப்பிடித்துத் தளர்ந்துவிடும். வில் தளர்ந்தால் எத்தனை புது றப்பர் போட்டாலும் ஒழுக்கு நிற்காது, மக்களும் றப்பரைக் குறை சொல்வார்கள். கைப்பிடியைக் கீழே அழுத்தும்போது நல்ல எதிர்ப்பு இல்லை என்றால் வில்லையும் சேர்த்து மாற்றுங்கள். இவ்வளவும் செய்த பின் ஒரு விதியை வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள்: மோட்டர் ஓடும்போது அந்தக் கைப்பிடியைத் தொடக்கூடாது. ஓடும் மோட்டரில் நிலை மாற்றினால் நீரின் விசை றப்பரைப் பள்ளத்திலிருந்து பிடுங்கிவிடும். நான் திறந்து பார்த்த கிழிந்த கேஸ்கட்களில் பெரும்பாலானவை அவசரக் கையால் போனவை, வயதால் போனவை குறைவு.

இப்போது ஒருவழி வால்வு. பாஸ் சொன்னது முழுப்பிழை இல்லை, ஆனால் வரிசை பிழை. கேஸ்கட்டைச் சரி செய்யாமல் உறிஞ்சும் குழாயில் ஒருவழி வால்வு மட்டும் போட்டால், ஸ்கிம்மர் பக்கம் அழுக்கு வருவது நிற்கும், கூடையில் நீரும் தங்கும். ஆனால் காற்று தொடர்ந்து வடிகட்டிக்குள் புகுந்து, நீர் திரும்பும் குழாய் வழியாக இறங்கிக்கொண்டே இருக்கும். மறுநாள் மோட்டரைப் போட்டதும் வடிகட்டிக்குள் அடைபட்ட காற்று அழுத்தப்படும். அழுத்தப்பட்ட காற்று நீரைப் போன்றதல்ல, வடிகட்டி மூடியின் இறுக்குவளையம் பலவீனமாக இருந்தால் மூடியையே எறிந்துவிடும். நீர் வற்றிய வடிகட்டியை இயக்கும்போதெல்லாம் மேலுள்ள காற்றுக் குமிழைத் திறந்து வைத்து, அதிலிருந்து நீர் சீராக வந்த பிறகே மூடுங்கள். இயக்கும் அந்த நேரத்தில் முகத்தை வடிகட்டிக்கு மேலே கொண்டு போகாதீர்கள்.

கேஸ்கட் சரியான பிறகு, மேட்டில் மோட்டர் உள்ள வீட்டுக்கு ஒருவழி வால்வு ஒரு நல்ல இரண்டாம் காவல். கூடையைத் துப்புரவு செய்ய மூடியைத் திறந்தாலே காற்று புகுந்து நீர் இறங்கிவிடும் அல்லவா, அதைத் தடுக்கும். வாங்கும்போது கிணற்று மோட்டருக்குப் போடும் பித்தளை வால்வைத் தந்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள். நம் மலை ஊற்றுநீர் சுண்ணாம்புச் சத்துக் குறைந்த மென்னீர், குளோரினும் சேர்ந்தால் பித்தளையையும் செம்பையும் அரித்துவிடும். தடாகத்துக்கென்று வரும் பிவிசி வால்வில், மேலே திறந்து பார்க்கக்கூடிய தெளிவான மூடி உள்ளதைக் கேளுங்கள். உங்கள் 63 மில்லிமீற்றர் குழாய்க்கு, கடைக்காரர் சொல்லும் இரண்டு அங்குலத்துக்கு, அதே அளவு வால்வு வேண்டும். சிறியதைப் போட்டுக் குறுக்கினால் ஏற்கெனவே தடுமாறும் மோட்டருக்கு இன்னும் பாரம். அம்புக்குறி மோட்டரை நோக்கி இருக்க வேண்டும், மடிப்புக் கதவின் கீல் மேலே வர வேண்டும், எல்போவுக்கு ஒட்டினாற்போல் வைக்காமல் நேர்க்குழாயில் வைக்க வேண்டும். வளைவை ஒட்டி வைத்தால் கதவு படபடவென்று அடித்துச் சீக்கிரம் கெடும். இரண்டு பக்கமும் யூனியன் போட மறக்காதீர்கள். ஒரே ஒரு பைனஸ் ஊசி கதவின் இடுக்கில் சிக்கினால் போதும், அந்த வால்வு இருந்தும் இல்லாததுதான். திறந்து எடுக்க வழி இல்லையென்றால் குழாயை வெட்டத்தான் வேண்டும்.

இதில் உயிர் சம்பந்தப்பட்ட ஒரு விடயம் இருக்கிறது. தடாகத்தின் அடித்தளத்தில் உறிஞ்சும் வாய் ஒன்றுதானா, இரண்டா என்று நீங்கள் எழுதவில்லை. தலைமுடியோ கையோ அந்த வாயில் ஒட்டிக்கொண்டால், ஒருவழி வால்வு இல்லாத அமைப்பில் மோட்டரை நிறுத்தியதும் நீர் திரும்பி வந்து பிடி தளரும். ஒருவழி வால்வு இருந்தால் இழுவை பூட்டப்பட்டு அப்படியே நிற்கலாம். ஆகவே ஒற்றை வாய் என்றால், ஒருவழி வால்வு போடுவதற்கு முன் அந்த வாயை வால்வால் மூடி ஸ்கிம்மர் வழியாக மட்டும் ஓட்டுங்கள், அல்லது குறைந்தது 90 சென்ரிமீற்றர் இடைவெளியில் இன்னொரு வாய் அமைத்து இரண்டுக்கும் உடல் ஒட்டாத குவிந்த மூடி போடுங்கள். விருந்தினர் பிள்ளைகள் குளிக்கும் தடாகம் அது. இந்தச் செலவைத் தள்ளிப்போட வேண்டாம்.

கூரையில் சூரிய வெப்பத் தகடு பொருத்த எண்ணம் இருப்பதாகச் சொன்னீர்கள். அந்தக் குளிருக்கு நல்ல யோசனை. வடிகட்டிக்கும் தகட்டுக்கும் இடையில் ஒருவழி வால்வு கட்டாயம். இல்லாவிட்டால் மோட்டர் நிற்கும் ஒவ்வொரு மாலையும் கூரையில் இருக்கும் நீர் முழுவதும் வடிகட்டியின் அடிவழியாக மேலேறி, மணலைக் கிளறி, அழுக்கைத் தடாகத்தில் கொட்டும். பல வீடுகளில் வெப்பத் தகடு போட்ட பிறகுதான் இந்தத் தொல்லையே தொடங்குகிறது. அலங்காரத்துக்குச் சிறு நீர்வீழ்ச்சி வைத்தாலும் கவனம். அதன் வாய் நீர்மட்டத்துக்கு மேலே திறந்திருப்பதால், அதுவே காற்று புகும் கதவாகிவிடும்.

பின்னோட்டம் போலத் தெரிந்து வேறாக இருப்பவை சில உண்டு. பேக்வொஷ் முடிந்ததும் ரின்ஸ் நிலையில் அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம் ஓட்டாமல் நேரே ஃபில்டருக்கு மாற்றினால், திரும்பும் வாயிலிருந்து ஒரு புகை மேகம் வரும். தடாக அடியில் மணல் குவிந்தால் வடிகட்டியின் அடியிலுள்ள வரிக்குழாய் உடைந்திருக்கிறது, அல்லது யாரோ மகாவலி ஆற்று மணலை நிரப்பியிருக்கிறார்கள். அதற்கு 0.45 முதல் 0.55 மில்லிமீற்றர் அளவுள்ள சிலிக்கா மணல்தான் வேண்டும். மழைக்காலத்தில், உங்கள் ஊவாப் பக்கம் ஒக்ரோபர் முதல் ஜனவரி வரை, மேல் சரிவிலிருந்து செம்மண் கரைந்து வந்தால் தண்ணீர் தேநீர் நிறமாக இருக்கும். களிமண் துகள் மணலில் நிற்காது, வடிகட்டியைக் கடந்து திரும்ப வந்துகொண்டே இருக்கும். படிகாரம் போட்டு அடியில் படியவிட்டு, வேஸ்ட் நிலையில் உறிஞ்சி வெளியேற்றுவதுதான் வழி, கூடவே மேலே ஒரு மறிப்புக் கானும் வெட்டுங்கள்.

இனிச் சொல்லப்போவதை நீங்கள் கேட்கவில்லை. ஆனால் உங்கள் கடிதத்தில் ஒரு வரி என்னை உறுத்தியது. நீர் குறையும்போது, ஊற்றிலிருந்து வரும் குழாயில் ஹோஸ் மாட்டி அதைத் தடாகத்துக்குள் போட்டு இரவெல்லாம் விடுவதாக எழுதியிருக்கிறீர்கள். அதே ஊற்றுக் குழாய்தான் உங்கள் காணியைக் கடந்து கீழ்ப் பிரிவு லயங்களுக்கும் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளுக்கும்) போகிறது. தம்பி, இன்றைக்கே அந்த ஹோஸை எடுத்துவிடுங்கள்.

மேலே ஊற்றடித் தொட்டியைச் சுத்தம் செய்ய யாராவது நீரை அடைக்கிறார்கள், அல்லது மண் சரிந்து குழாய் விடுபடுகிறது. அதே நேரம் கீழே லயத்துப் பீலியில் நீர் பிடிக்கிறார்கள். குழாயில் இருக்கும் நீர் கீழே இறங்க இறங்க மேலே வெற்றிடம் உண்டாகும், உங்கள் ஹோஸ் தடாகத்து நீரை உறிஞ்சிக் குடிநீர்க் குழாய்க்குள் அனுப்பும். குளோரின், பாசிக்குப் போடும் செம்பு மருந்து, குளித்தவர்களின் அழுக்கு எல்லாம் சேர்ந்து ஒரு தாயின் குடத்தில் விழும். மோட்டர் வேண்டியதில்லை, சரிவு ஒன்றே போதும். காலையில் எல்லாம் பழையபடி இருக்கும், யாருக்கும் காரணம் தெரியாது. தோட்டங்களில் குடிநீருக்காக மக்கள் பட்ட பாட்டை நாம் அறிவோம். ஒரு தடாகத்துக்காக அந்த நீரைக் கெடுக்கும் உரிமை நமக்கு இல்லை.

தீர்வு எளிது. ஊற்றுக் குழாய் தடாக நீரை ஒருபோதும் தொடக்கூடாது. குழாயின் வாய்க்கும், தடாகம் நிரம்பி வழியும் விளிம்புக்கும் இடையில், குழாய் விட்டத்தின் இரண்டு மடங்கு வெற்றிடம் விடுங்கள். 25 மில்லிமீற்றர் குழாய்க்கு 50 மில்லிமீற்றர். எவ்வளவு சிறிய குழாயானாலும் 25 மில்லிமீற்றருக்குக் குறையக்கூடாது. இன்றைய நீர்மட்டத்திலிருந்து அளக்காதீர்கள், மழையில் நீர் ஏறக்கூடிய உச்ச மட்டத்திலிருந்து அளக்க வேண்டும். சுவரில் வளைந்த குழாயாக நிரந்தரமாகப் பொருத்திவிட்டால், வேலைக்கு வருபவர் யாரும் ஹோஸை உள்ளே தள்ள முடியாது. ஒருவழி வால்வு ஒன்று போட்டால் போதாதா என்று கேட்பீர்கள். பைனஸ் ஊசி ஒன்று என்ன செய்யும் என்று மேலே சொன்னேன். குடிநீர் விடயத்தில் அப்படிப்பட்ட கதவை நம்ப முடியாது, காற்று இடைவெளியில் கெட்டுப்போக எதுவும் இல்லை.

பேக்வொஷ் நீரையும் இதே அக்கறையோடு பாருங்கள். அழுத்தமானி, சுத்தமாக இருந்தபோது காட்டியதை விட 8 முதல் 10 பிஎஸ்ஐ ஏறினால்தான் பேக்வொஷ் தேவை. இரண்டு மூன்று நிமிடத்தில் ஐந்நூறு லீற்றர் வரை வெளியேறும். உங்கள் கழிவுக் குழாய் இப்போது காணி விளிம்பில், சரிவில் போய் முடிகிறது. ஓடையில் விடுவதும் தவறு, சரிவில் ஊறவிடுவதும் தவறு. 2014 ஒக்ரோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண் சரிந்ததை நம் பதுளை மாவட்டத்தில் யாரும் மறக்கவில்லை. மழைநீரால் ஏற்கெனவே கனத்து நிற்கும் மண்ணுக்கு நாம் நாள்தோறும் நீர் ஊட்டக்கூடாது. சீமெந்துத் தொட்டி ஒன்று கட்டி அதில் நீரைச் சேர்த்து, இரண்டு மூன்று நாள் வெயிலில் திறந்து வைத்துக் குளோரின் போன பிறகு, கட்டிய கான் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். தடாகத்துக்குக் கீழுள்ள சரிவில் புதிய வெடிப்போ, மரச்சாய்வோ, திடீர் ஊற்றோ தெரிந்தால் வடிகட்டியைப் பற்றி யோசிக்காமல் முதலில் வீட்டாரை வெளியேற்றி, கிராம அலுவலரிடமும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்திடமும் சொல்லுங்கள்.

மோட்டர் அறையைத் தடாக மட்டத்துக்கே இறக்கிவிடலாமா என்று கடைசியாகக் கேட்டிருந்தீர்கள். இறக்கினால் நீர் பிடிக்காத தொல்லை அடியோடு போய்விடும், மோட்டரும் சுகமாக ஓடும். ஆனால் நீர்மட்டத்துக்குக் கீழே போய்விட்டால் கணக்கு தலைகீழாகிவிடும். தேய்ந்த கேஸ்கட் மோட்டர் நின்ற நேரத்திலும் ஒழுகும், நிமிடத்துக்கு ஒரு லீற்றர் என்றால் இரவும் பகலும் சேர்த்து 1,440 லீற்றர், தடாகத்தில் 45 மில்லிமீற்றர். கூடையின் மூடியைத் திறந்தால் தடாகமே அறைக்குள் வரும், எனவே இரண்டு பக்கமும் நல்ல வால்வுகள் வேண்டும், அறைக்கு வடிகாலும், மின்இணைப்புக்கு 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்சும் வேண்டும். இப்போதைக்கு அந்தச் செலவுக்கு அவசியமில்லை. ஹோஸை எடுத்துவிட்டு, போத்தலையும் பொலித்தீன் பையையும் வைத்துச் சோதித்து, கேஸ்கட்டை மாற்றுங்கள். அதன் பிறகும் கூடையில் நீர் இறங்கினால், எத்தனை நிமிடத்தில் இறங்குகிறது, எந்த இடத்தில் நுரை இழுபட்டது என்ற இரண்டையும் எழுதி அனுப்புங்கள், மேற்கொண்டு பார்ப்போம்.